நர்ஸ் எழுதிய இரண்டு வரி

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்தால் போதும் என்பதுதான் வார்டில் உத்தரவு. ஆனாலும் இரவுப் பணி நர்ஸ் ஒரே நோயாளியின் படுக்கைக்கு மறுபடி மறுபடி போகிறார். நாடித்துடிப்பு சரியாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை. மானிட்டர் சத்தம் போடவில்லை. இருந்தும் ஏதோ சரியில்லை என்று அவருக்குப் படுகிறது. முகம் சற்று வெளிறியிருக்கலாம். கேட்ட கேள்விக்குப் பதில் வர ஒரு நொடி கூடுதலாக ஆகியிருக்கலாம். எண்களைப் பதிந்துவிட்டு, பக்கத்தில் இரண்டு வரி குறிப்பும் எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்கிறார். காலையில் ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் எண்களைப் பார்ப்பார். அந்த இரண்டு வரியைத் திறந்து படிப்பாரா என்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது.

பெரிய மருத்துவமனைகளில் நோயாளியின் நிலை மோசமாகப் போகிறது என்பது பல நேரம் யாருக்கோ முன்பே தெரிந்திருக்கிறது. எழுதியும் வைத்திருக்கிறார்கள். படிக்கத்தான் ஆள் இல்லை. அந்த இடத்தில் கணினியை உட்காரவைக்கும் முயற்சி அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கிறது. கடந்த சில ஆண்டுகளில்தான் அதற்கு உயிர்க்கணக்கில் விடை கிடைக்கத் தொடங்கியிருக்கிறது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா ரொசெட்டி, அவருடன் இணைந்து உழைத்த கென்ரிக் கேட்டோ இருவரும் நர்சிங் துறையிலிருந்து கணினி ஆராய்ச்சிக்கு வந்தவர்கள். கவலைப்படும் நர்ஸ் என்ன செய்வார் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். அடிக்கடி போய்ப் பார்ப்பார். உரிய நேரம் அல்லாத வேளையிலும் வெப்பநிலை எடுப்பார். வழக்கமாகக் காலியாக விடும் இடத்தில் குறிப்பு எழுதுவார். இந்தத் தடயங்களை மட்டும் சேர்த்துப் பார்த்தால் நோயாளி ஆபத்தில் இருப்பது தெரியுமா? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் ‘கன்சர்ன்’ என்ற எச்சரிக்கை முறை. நர்ஸ்களின் பதிவுகளை அது இடைவிடாமல் கவனித்து, ஒவ்வொரு நோயாளிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிலையைக் காட்டுகிறது.

இரண்டு பெரிய மருத்துவமனைக் குழுமங்களின் 74 பிரிவுகளில், 60,000-க்கும் மேற்பட்ட நோயாளி அனுமதிகளில் இதைச் சோதித்தார்கள். பாதிப் பிரிவுகளில் கருவி இயங்கியது; மீதியில் வழக்கமான கவனிப்பு. 2025 ஏப்ரலில் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் முடிவு வெளிவந்தது. கருவி இருந்த பிரிவுகளில் இறக்கும் அபாயம் 35.6 சதவீதம் குறைந்திருந்தது. மருத்துவமனையில் தங்கும் காலம் 11 சதவீதம் சுருங்கியது. ஐ.சி.யூ.வுக்குத் திடீரென மாற்றப்படுவது மட்டும் 25 சதவீதம் அளவுக்குக் கூடியது. அந்தக் கடைசி எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. ஆபத்து முன்கூட்டியே தெரிந்ததால் நோயாளிகள் உரிய சிகிச்சைக்கு விரைவாக நகர்த்தப்பட்டார்கள் என்பதே அதன் பொருள். மற்ற எச்சரிக்கை முறைகளைவிட 42 மணி நேரம் வரை முந்திக்கொண்டு இது ஆபத்தைக் காட்டியதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒன்றே முக்கால் நாள் என்பது ஒரு நோயாளிக்கு எவ்வளவு பெரிய அவகாசம் என்பது ஐ.சி.யூ. வாசலில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

‘கன்சர்ன்’ முக்கியமாகக் கவனிப்பது நர்ஸ் எப்போது, எத்தனை முறை எழுதுகிறார் என்பதை. எழுதியதன் பொருளையே படிக்க முயல்வது இன்னொரு பெரிய துறை. அதன் பெயர் இயல்மொழிச் செயலாக்கம்.

எண்கள் சொல்லாததை வாக்கியம் சொல்லும்

மருத்துவப் பதிவில் இரண்டு வகைத் தகவல் உண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆக்சிஜன் அளவு, நோய்க் குறியீட்டு எண், மருந்தின் பெயர் எல்லாம் கட்டங்களில் அடங்கும். கணினிக்கு அவை எளிது. இன்னொரு வகை, மருத்துவரும் நர்ஸும் சொந்த வார்த்தைகளில் எழுதுவது: சேர்க்கைக் குறிப்பு, தினசரிக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி. ‘நேற்றைவிடச் சோர்வாக இருக்கிறார்’, ‘சாப்பிட மறுக்கிறார்’, ‘மகள் மிகவும் பயந்திருக்கிறார்’ என்பதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

இந்த எழுத்து எவ்வளவு பெறுமானம் உள்ளது என்பதை பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனையில் ஸ்டீவன் ஹார்ங்கும் அவருடைய குழுவினரும் அளந்து பார்த்தார்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களை வாசலிலேயே ஒரு நர்ஸ் விசாரித்துச் சில வரிகள் எழுதுவார். அப்படிப் பதிவான 2,30,936 வருகைகளை எடுத்துக்கொண்டு, தொற்று உள்ளவர் யார் என்று கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்கினார்கள். வயது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றை மட்டும் கொடுத்தபோது கிடைத்த மதிப்பெண் 0.67. நர்ஸ் எழுதிய வரிகளையும் சேர்த்துக் கொடுத்தபோது 0.86. தொற்று உள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் எதிரெதிரே நிறுத்தினால், முதல் முறை நூற்றுக்கு 67 தடவை சரியானவரைக் காட்டும். இரண்டாவது முறை 86 தடவை காட்டும். தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகளையே சேதப்படுத்தும் செப்சிஸ் நிலையில் ஒவ்வொரு மணி நேரமும் உயிரோடு சம்பந்தப்பட்டது. எனவே 2017-ல் வெளியான இந்த ஆய்வு காட்டிய வித்தியாசம் வெறும் புள்ளிக்கணக்கு அல்ல.

ஆனால் மருத்துவக் குறிப்பைப் படிப்பது கணினிக்கு எளிதான வேலை இல்லை. ‘நிமோனியா’ என்ற சொல் வந்தாலே நோயாளிக்கு நிமோனியா என்று எடுத்துக்கொண்டால் கதை கந்தலாகிவிடும். ‘நிமோனியாவுக்கான அறிகுறி இல்லை’ என்றும் எழுதுவார்கள். ‘நிமோனியாவாக இருக்கலாம், எக்ஸ்ரே பார்க்க வேண்டும்’ என்றும் எழுதுவார்கள். ‘அப்பா நிமோனியாவில் இறந்தார்’ என்றும் எழுதுவார்கள். சுருக்கெழுத்துகள் அதைவிடக் கொடுமை. எம்.எஸ். என்ற இரண்டெழுத்து ஒரு குறிப்பில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய். இன்னொன்றில் மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்ற இதய வால்வுச் சுருக்கம். மற்றொன்றில் மார்ஃபின் சல்பேட் என்ற வலி மருந்து.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நவோமி சேகர் 1970-களிலேயே மருத்துவ வாக்கியங்களை இலக்கண ரீதியாகப் பிரித்துப் பார்க்கும் திட்டத்தை நடத்தினார். 1990-களில் கொலம்பியாவில் கேரல் ஃப்ரீட்மன் உருவாக்கிய ‘மெட்லீ’ நெஞ்சு எக்ஸ்ரே அறிக்கைகளைப் படித்தது. 2001-ல் பிட்ஸ்பர்க்கில் வெண்டி சாப்மன் குழு ‘நெகெக்ஸ்’ என்ற மிக எளிய முறையைக் கொண்டுவந்தது. ‘இல்லை’, ‘மறுக்கிறார்’ போன்ற எதிர்மறைச் சொற்களைத் தேடி, அவற்றுக்கு அருகில் வரும் நோயின் பெயரைக் கணக்கிலிருந்து நீக்குவதுதான் அதன் வேலை. பார்க்கச் சாதாரணம். ஆனால் அதன் பிறகு வந்த எத்தனையோ மருத்துவ மென்பொருள்கள் அந்த எளிய முறையின் தோளில்தான் நின்றன.

இன்று பாய்ச்சல் வேறு அளவில் இருக்கிறது. நியூயார்க்கின் என்.ஒய்.யூ. லாங்கோன் மருத்துவமனைகளில் நரம்பியல் அறுவை நிபுணர் எரிக் ஓர்மன் தலைமையிலான குழு, 3,87,144 நோயாளிகளைப் பற்றி எழுதப்பட்ட 72.5 லட்சம் குறிப்புகளை, ஏறத்தாழ 410 கோடி சொற்களை, ஒரு மொழி மாதிரிக்குப் படிக்கக் கொடுத்தது. 2023 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் வந்த அந்த ‘என்.ஒய்.யூட்ரான்’, மருத்துவமனையில் சேரும்போது எழுதப்படும் குறிப்பை வைத்தே யார் அங்கே இறக்கக்கூடும் என்பதைச் சொல்கிறது. மேலே சொன்ன அதே அளவுகோலில் அது பெற்றது 0.949. யாரும் அதற்காகத் தனிப் படிவம் நிரப்பவில்லை. மருத்துவர் எப்படியும் எழுதும் குறிப்பே போதுமானதாக இருந்தது.

சொல்லத் தயங்கும் உண்மை

இன்றிரவே நிலை மோசமாகக்கூடியவரைக் கண்டுபிடிப்பது ஒரு பக்கம். அடுத்த சில மாதங்களில் வாழ்வின் முடிவை நெருங்கப்போகிறவரை அடையாளம் காண்பது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது வகையில்தான் மருத்துவ உலகம் நீண்ட காலமாகத் தடுமாறுகிறது. அறிவுக்குறைவு அதற்குக் காரணம் இல்லை. பாசமும் தயக்கமும் நேரமின்மையும்தான்.

1995-ல் வெளியான ‘சப்போர்ட்’ என்ற ஆய்வு, அமெரிக்காவின் 5 பெரிய மருத்துவமனைகளில் கடுமையாக நோயுற்றிருந்த 9,105 பேரைப் பின்தொடர்ந்தது. இதயம் நின்றால் மறுபடி இயக்க முயல வேண்டாம் என்று விரும்பிய நோயாளிகளில், அந்த விருப்பம் மருத்துவருக்குத் தெரிந்திருந்தது 47 சதவீதம் பேர் விஷயத்தில் மட்டுமே. அத்தகைய உத்தரவுகளில் 46 சதவீதம், இறப்புக்கு முந்தைய இரண்டு நாள்களுக்குள் எழுதப்பட்டவை. இறந்தவர்களில் 38 சதவீதம் பேர் குறைந்தது 10 நாள்களை ஐ.சி.யூ.வில் கழித்திருந்தார்கள்.

அதற்கு ஐந்தாண்டு கழித்து நிக்கலஸ் கிறிஸ்டாகிஸ், எலிசபெத் லாமண்ட் இருவரும் சிகாகோவில் ஒரு நேரடியான கேள்வியைக் கேட்டார்கள். ஹாஸ்பிஸ் எனப்படும் இறுதிக்காலப் பராமரிப்புக்கு அனுப்பப்படும் 468 நோயாளிகள் இன்னும் எத்தனை நாள் இருப்பார்கள் என்று 343 மருத்துவர்களிடம் விசாரித்தார்கள். சரியாகச் சொன்னவை 20 சதவீதம். 63 சதவீதக் கணிப்புகள் உண்மையைவிட அதிக நாள் கொடுத்தவை. மொத்தத்தில், உண்மையைப்போல் சராசரியாக ஐந்து மடங்குக்கும் மேலான நாள்களைச் சொல்லியிருந்தார்கள். நோயாளியை எவ்வளவு நீண்ட காலமாக அறிந்திருந்தாரோ அந்த அளவுக்கு மருத்துவரின் கணிப்பு பிசகியது. பழகியவரைப் பற்றி மனம் கெட்டதை நினைக்க மறுக்கிறது. இதற்காக எந்த மருத்துவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் விலை கொடுப்பவர் நோயாளி.

என்ன விலை? 2010-ல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜெனிஃபர் டெமல் நடத்திய ஆய்வு அதைக் காட்டுகிறது. பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில் ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் கேர் எனப்படும் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சையும் தரப்பட்டது. அவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, வாழ்க்கைத் தரம் கூடியது, கடைசி நாள்களின் கடுமையான சிகிச்சைகள் குறைந்தன. இவ்வளவுக்கும் மேல் அவர்கள் கூடுதல் நாள் வாழ்ந்தார்கள்: 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம். பாலியேட்டிவ் கேர் என்றாலே கைவிடுவது என்று நினைக்கும் குடும்பங்கள் நம் ஊரிலும் ஏராளம். இந்த எண்களை அவர்களிடம் யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆக, யாருக்கு எப்போது இறுதிக்கால விருப்பங்களைப் பற்றிய பேச்சைத் தொடங்குவது என்பது தெரிய வேண்டும். அந்தப் பேச்சு நடந்ததா என்பதும் தெரிய வேண்டும். இரண்டாவது கேள்விக்குத்தான் மொழிச் செயலாக்கம் நேரடியாகக் கைகொடுக்கிறது. ‘குடும்பத்தாருடன் பேசினோம், வெண்டிலேட்டர் வேண்டாம் என்கிறார்’ என்ற வாக்கியம் எந்தக் கட்டத்திலும் இருக்காது. நூறு குறிப்புகளுக்கு நடுவே எங்கோ கிடக்கும். பாஸ்டனின் டானா ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தின் பாலியேட்டிவ் மருத்துவர் ஷார்லட்டா லிண்ட்வால் பல ஆண்டுகளாக இந்த வாக்கியங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். முதலில் மருத்துவர்கள் உட்கார்ந்து ஐ.சி.யூ. குறிப்புகளைக் கையால் அடையாளமிட்டார்கள். அதைப் பார்த்துக் கணினி கற்றுக்கொண்டது. 2019-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வுக்கு அடிப்படையாக இருந்தது, ‘மிமிக்’ என்ற பொதுத் தரவுக் களஞ்சியம். பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனையின் ஐ.சி.யூ.க்களில் 2001 முதல் 2012 வரை இருந்த 40,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகள், பெயர் நீக்கப்பட்டு, ஆய்வாளர்களுக்காக அதில் வைக்கப்பட்டிருக்கின்றன.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ராண்டல் கர்ட்டிஸ் இதே வகைக் கருவியை ஒரு பெரிய சோதனைக்குப் பயன்படுத்தினார். மருத்துவமனையில் இருந்த 2,512 நோயாளிகள். எல்லோருமே தீவிர நோயுற்றவர்கள் அல்லது மிக முதியவர்கள். ஒரு பாதியினரின் மருத்துவர்களுக்கு, நோயாளியின் விருப்பங்களைப் பற்றி எப்படிப் பேச்சைத் தொடங்கலாம் என்று ஒரு பக்கக் குறிப்பு அனுப்பப்பட்டது. பேச்சு நடந்ததா என்று எழுத்தைச் சலித்துக் கணினி காட்டியது. மனிதர்கள் அதைச் சரிபார்த்தார்கள். குறிப்பு கிடைத்த பக்கத்தில் 34.5 சதவீத நோயாளிகளிடம் பேச்சு பதிவாகியிருந்தது. கிடைக்காத பக்கத்தில் 30.4 சதவீதம். வித்தியாசம் சிறியதுதான். கர்ட்டிஸின் குழு அதைப் பெரிதாக்கிக் காட்டவில்லை. இறுதிக்காலப் பேச்சுகளுக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட கர்ட்டிஸுக்கு 2021-ல் ஏ.எல்.எஸ். என்ற தீராத நரம்பு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 2023 பிப்ரவரியில் அவர் காலமானார். சோதனையின் முடிவு வெளிவந்தது அதற்குப் பிறகுதான்.

பென்சில்வேனியாவில் கிறிஸ் மான்ஸ், ரவி பாரிக் குழுவினர் செய்தது இன்னும் அழுத்தமான முயற்சி. அவர்களுடைய கருவி வாக்கியங்களைப் படிப்பது இல்லை. கட்டங்களில் உள்ள தகவலை வைத்து ஆறு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பைக் கணிக்கிறது. அடுத்த வாரம் வரப்போகும் நோயாளிகளில் ஆபத்து மிகுந்தவர்கள் 6 பேர் வரை ஒரு பட்டியல், ஒவ்வொரு புற்றுநோய் மருத்துவருக்கும் மின்னஞ்சலில் போனது. நோயாளி வரும் நாள் காலையில் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தியும் போனது. 78 மருத்துவர்கள், 14,607 நோயாளிகள். ஆபத்து மிகுந்தவர்களின் வருகைகளில் அந்தக் கடினமான பேச்சு நடப்பது 3.6 சதவீதத்திலிருந்து 15.2 சதவீதமாக உயர்ந்தது. பிறகு நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்தபோது, இறந்தவர்களில் கடைசி நாள்களிலும் கீமோதெரபி போன்ற மருந்துகள் ஏற்றப்பட்டவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 7.5 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். இறுதிக்காலப் பராமரிப்பில் சேர்வது மட்டும் மாறவில்லை. அத்தகைய வருகைகளில் நூற்றுக்கு 85-ல் பேச்சே நடக்கவில்லை என்பதையும் இதே எண்கள்தான் சொல்கின்றன.

கருவி தவறினால்

மணி அடிக்கும் கருவிகள் எல்லாம் நம்பத்தக்கவை என்று எடுத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் பயன்பட்ட எபிக் என்ற மென்பொருள் நிறுவனத்தின் செப்சிஸ் எச்சரிக்கை முறையை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் மருத்துவமனையில் சோதித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்த 2,552 பேரில் 1,709 பேரை அது கோட்டைவிட்டிருந்தது. மொத்த அனுமதிகளில் 18 சதவீதத்துக்கு எச்சரிக்கையும் அடித்திருந்தது. தேவையில்லாமல் அடிக்கும் மணியைக் கேட்டுக் கேட்டு ஊழியர்களின் காது மரத்துப்போகும். தேவையானபோது அடித்தாலும் எழுந்து போகத் தோன்றாது. வெளியார் சோதிக்காத கருவியை ஆயிரக்கணக்கான படுக்கைகளுக்கு மேல் தொங்கவிட்டதை லேசான பிழையாகக் கடந்துபோக முடியாது.

எழுத்தைப் படிக்கும் கருவிக்கு வேறொரு ஆபத்தும் உண்டு: எழுதியவரின் பார்வை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 18,459 நோயாளிகளைப் பற்றிய 40,113 குறிப்புகளைக் கணினி கொண்டு அலசினார்கள். ‘ஒத்துழைக்காதவர்’, ‘முரண்டு பிடிப்பவர்’ போன்ற பழிச்சொற்கள் கறுப்பின நோயாளிகளின் குறிப்பில் இடம்பெறும் வாய்ப்பு வெள்ளையரைவிட 2.54 மடங்கு அதிகம் என்று 2022-ல் தெரியவந்தது. வலி என்று சொன்னவரின் சொல்லை நம்பாமல் எழுதிய குறிப்பைப் படித்துக் கற்கும் இயந்திரம், அந்த நம்பாமையையும் சேர்த்தே கற்கும். அதே நேரம், 40,000 குறிப்புகளுக்குள் ஒளிந்திருந்த இந்த அநீதியை வெளியே கொண்டுவந்ததும் மொழிச் செயலாக்கம்தான்.

நகலெடுத்து ஒட்டும் பழக்கம் இன்னொரு தலைவலி. சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் குறிப்புகளை ஆராய்ந்தபோது, எழுத்துகளில் 18 சதவீதம் மட்டுமே புதிதாகத் தட்டச்சு செய்யப்பட்டவை. மீதி, பழைய குறிப்பிலிருந்து ஒட்டியவை அல்லது கணினி தானாகக் கொண்டுவந்து போட்டவை. நேற்றே விட்டுப்போன காய்ச்சல் இன்றைய குறிப்பிலும் உயிரோடு இருக்கும். மனிதர் குழம்புவதுபோலவே கருவியும் குழம்பும்.

இவை எல்லாம் கணினியில் உள்ள குறிப்புகளின் கதை. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் கேஸ் ஷீட் பெரும்பாலும் இன்னும் கையெழுத்தில்தான் இருக்கிறது. நோயாளி தமிழில் ஐந்து நிமிடம் சொன்னதை டியூட்டி டாக்டர் ஆங்கிலத்தில் ஒரு வரியாகச் சுருக்குகிறார். அமெரிக்கக் கருவியை அப்படியே இங்கே இறக்கினால் படிக்க அதற்கு எதுவும் இருக்காது. பதிவுகளைக் கணினிமயமாக்கும்போது டிக் அடிக்கும் கட்டங்களோடு நிறுத்திவிடாமல், நர்ஸும் மருத்துவரும் தங்கள் வார்த்தையில், தமிழிலும், எழுத இடம் விட வேண்டும். திட்டமிடும் அதிகாரிகள் இப்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

கடுமையாக நோயுற்றவரை முதல் நாளிலேயே கண்டுபிடிப்பதில் தமிழ்நாட்டுக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் துணையோடு 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் அது. காசநோய் என்று தெரிந்தவுடன் ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர் சில விஷயங்களை மட்டும் பார்க்கிறார். உயரத்துக்கு ஏற்ற எடை மிகவும் குறைந்திருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா, ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. ஆபத்து தெரிந்தால் உடனே மாவட்டத்தில் உள்நோயாளியாகச் சேர்க்க அனுப்புகிறார்கள். ‘டி.பி. சேவா’ என்ற இணையச் செயலியில் இவை பதிவாகின்றன. இறக்கும் வாய்ப்பைக் கணித்துச் சொல்லும் மாதிரியையும் 2025-ல் அதே செயலியில் சேர்த்தார்கள். விவரங்களைப் பதியும் ஊழியரின் திரையிலேயே அந்த எண் வந்துவிடுகிறது. ஆம்புலன்ஸுக்குச் சொல்வதும், எந்த மருத்துவமனையில் படுக்கை இருக்கிறது என்று விசாரிப்பதும், வேலைக்குப் போக வேண்டும் என்று மறுக்கும் நோயாளியை உட்காரவைத்துப் பேசி அனுப்பிவைப்பதும் அதன் பிறகு அவர் கையில்.